குறட்டைக்கு நடுவே நின்றுபோகும் மூச்சு

கேள்வி: என் கணவருக்கு வயது 46. குடியாத்தத்திலிருந்து லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு மினி லாரி ஓட்டுகிறார். மூன்று ஆண்டுகளாக அவருடைய குறட்டைச் சத்தம் தெருவரை கேட்கிறது. சில நேரம் சத்தம் திடீரென்று நின்று, பிறகு திணறிக்கொண்டு மூச்சு வாங்குகிறார். தூக்கம் கெட்டு எனக்குப் பகலெல்லாம் தலைவலி என்பதால் மகளுடன் கூடத்தில் படுக்கத் தொடங்கினேன். "புருஷனை விட்டுத் தனியாகப் படுப்பதா? அசந்து தூங்குகிறவனுக்குத்தான் குறட்டை வரும்" என்கிறார் மாமியார். கணவரிடம் சொன்னாலோ அவருக்குக் கோபம்தான் வருகிறது. போன வாரம் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி அருகே ஒரு நொடி கண் சொக்கிவிட்டதாக அவரே சொன்னார். நான் என்ன செய்வது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தவை, சத்தம் நின்று அவர் திணறுவதும், வண்டி ஓட்டும்போது கண் சொக்கியதும்தான். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று செல்லும் வழி குறுகுவதால், மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியும் உள்நாக்கும் அதிர்ந்து எழுப்பும் ஒலியே குறட்டை. அந்த வழி அறவே அடைபட்டு, பத்து விநாடிக்கோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அதை மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை பதறி அவரை அரைகுறையாக விழிக்க வைக்கிறது. காலையில் அது அவருக்கு நினைவில் இருக்காது. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நேர்ந்தால் நோய் கடுமையானது என்று கணக்கு. ஆகவே, எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். உங்கள் மாமியார் அன்பினால் சொல்கிறார் என்றாலும், அசந்த தூக்கத்தின் அடையாளமாக இதைக் கொள்ள முடியாது. கவனிக்காமல் விட்டால் இரத்தக் கொதிப்பும், காலப்போக்கில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுகிறது.

குறட்டையைப் பற்றிப் பேசினால் தன்னைக் குறை சொல்வதாகவே பல ஆண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆதலால் சத்தத்தைப் பற்றிப் பேசாமல், ஓரிரு இரவுகள் அவர் அருகில் படுத்துக் கைபேசியில் பதிவு செய்து, மூச்சு நிற்கும் இடத்தை மட்டும், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் அவருக்குக் கேட்கக் கொடுங்கள். "உங்களுக்கு என்னவோ ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறதுங்க" என்று நீங்கள் சொல்லும்போது அவருடைய கோபம் தணியும் என்றே நம்புகிறேன்.

அந்தப் பதிவுடன் அவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இரவு முழுவதும் மூச்சையும் பிராணவாயு அளவையும் மூளை அலைகளையும் பதிவு செய்யும் தூக்கப் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். தேவைப்பட்டால், முகமூடி வழியாகக் காற்றைச் சீராக அழுத்தித் தொண்டை மூடாமல் காக்கும் 'சிபேப்' கருவியைக் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய இந்த முறை இன்றும் முதன்மையான சிகிச்சையாக இருக்கிறது. முதல் சில நாட்கள் முகமூடி தொல்லையாகத்தான் தெரியும். பழகும்வரை விட்டுவிடக் கூடாது.

அதுவரை, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மதுப் பழக்கம் இருந்தால் அது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும் என்பதால் நிறுத்தியாக வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் கூடாது. உடல் எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பது நல்ல பலன் தரும். சட்டைக் கழுத்தளவு 17 அங்குலத்தைத் தாண்டியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதிவு எடுத்து முடித்தபின் நீங்கள் கூடத்தில் படுப்பதில் எந்தத் தவறும் இல்லை. உங்களுக்கும் தூக்கம் வேண்டும். சிகிச்சை தொடங்கியதும் திரும்ப வந்து படுத்துக்கொள்ளலாம் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, கூலி குறைந்தாலும் பரவாயில்லை, சென்னை ஓட்டத்துக்கு வேறு ஓட்டுநரை அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போனவுடன், அவர் லாரி ஓட்டுகிறவர் என்பதையே முதலில் சொல்லுங்கள்.