டிராபார் ஆர்கனில் இரண்டு பிரீசெட்டுகளைக் கலப்பது எப்படி?

கேள்வி: ஆர்கன் மென்பொருளில் பாட்டின் நடுவே பிரீசெட் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) மாற்றினால் ஒலி வெட்டுப்பட்டுக் குதிக்கிறது. இரண்டு பிரீசெட்டுகளைக் கலந்து வாசிக்க முடியுமா?

முடியும். ஆனால் கலப்பது என்றதும் பலரும் இரண்டு ஆர்கன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சிறிய ஆலயத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். அங்கிருந்த பழைய மிதி ஆர்மோனியத்தைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது ஒரு லேப்டாப்பும் 61 கட்டை கீபோர்டும்தான். இரண்டு பிரீசெட்டுகளை அடுக்கியபோது சத்தம் கூடியதே தவிர நிறம் மாறவில்லை. டிராபார் என்பது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் இழுப்புக் கோல்; அழுத்திய ஸ்வரத்தையே தரும் 8 அடி டிராபார் இரண்டிலும் முழுதாக வெளியே இருந்ததுதான் காரணம்.

இந்த ஆர்கனில் பிரீசெட் என்பது தனி வாத்தியம் அல்ல, ஒன்பது எண்கள். லாரன்ஸ் ஹாமண்டின் ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்த காலத்துக் கணக்கு இது: ஒன்பது டிராபார்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை. நம் காதுக்குப் புரியும்படி சொன்னால், ஸட்ஜக் கட்டையை அழுத்தும்போது முதல் டிராபார் கீழ் ஸ்தாயி ஸ, இரண்டாவது ப, மூன்றாவது அழுத்திய அதே ஸ, நான்காவது மேல் ஸ. அப்புறம் மேல் ப, அதற்கும் மேலே ஸ, க, ப, கடைசியாக மூன்று ஸ்தாயி தாண்டிய ஸ. பழுப்பும் வெள்ளையும் கறுப்புமாக நிறம் கொடுத்திருப்பது இவற்றைப் பிரித்துக் காட்டத்தான்.

ஆகவே கலப்பது என்றால் ஒரு எண்வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது. சில மென்பொருள்களில் இதற்கு மார்ஃப் வசதி உண்டு. அதை கீபோர்டில் உள்ள மாடுலேஷன் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். எந்த இரண்டு பிரீசெட்டுகளுக்கு இடையே நகர்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 00 8400 000 என்ற மெல்லிய ஒலியிலிருந்து 88 8888 888க்குப் போனால், பாதி வழியில் 44 8644 444 நிற்கும். மெதுவான ஞானப்பாட்டில் ரியை நீட்டிப் பிடித்திருக்கும்போது, ஏழாவது டிராபார் அந்த ரிக்கு மேலே ஒரு பிரதி மத்தியமத்தைச் சேர்த்துவிடும். சங்கராபரண மெட்டுக்கு நடுவில் அது அழையா விருந்தாளி. முழு ஆர்கனாக வாசிக்கும்போது காது மன்னித்துவிடுகிறது, பாதியில் மன்னிப்பதில்லை.

எனவே நகரும் வேலையை ஸட்ஜ டிராபார்களுக்கு மட்டும் கொடுக்கிறேன். 00 8400 000இலிருந்து 80 8806 008க்குப் போனால் நடுவில் வருவது 40 8603 004. பல்லவியில் தொடங்கி காணிக்கை எடுத்து முடிவதற்குள் சக்கரத்தை மெல்ல ஏற்றினால், மாற்றம் நடந்ததே சபைக்குத் தெரியாது. டிராபார் கூடக் கூடச் சத்தமும் ஏறும்; ஒலியளவுக்கான கால் பெடலைச் சற்றுத் தளர்த்துங்கள்.

மார்ஃப் இல்லையென்றால் பழைய முறை இருக்கவே இருக்கிறது. ஹாமண்டின் பி-3 மாடலில் மேல், கீழ் என்று இரண்டு கட்டை வரிசைகள்; ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு டிராபார் தொகுதிகள் உண்டு. ஒன்றில் வாசித்துக்கொண்டே மற்றதைத் தயார் செய்து, பாடுகிறவர்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் மாறிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: அசலைப் பின்பற்றும் மென்பொருளில் பெர்கஷன் (கட்டையை அழுத்தியதும் தட்டினாற்போல் எழுந்து அடங்கும் ஒலி) மேல் வரிசையின் பி பிரீசெட்டில் மட்டுமே ஒலிக்கும். மாறியதும் அது காணாமல் போனால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இப்படிப்பட்ட மென்பொருளில் பிரீசெட்டை மாற்றும் கட்டைகள் கீபோர்டின் இடது கோடிக்கும் கீழே ஒரு ஸ்தாயியில் ஒளிந்திருக்கும். ஒரு அடக்க ஆராதனையில் பேஸ் வேண்டுமென்று ஆக்டேவ் பொத்தானை ஒருமுறை கீழே இறக்கி, அடி ஸட்ஜத்தை ஊன்றி அழுத்தினேன். அது கேன்சல் கட்டை. ஆர்கன் அப்படியே ஊமையாகிவிட்டது. பாடகர் குழு ஒரு அடி தனியாகப் பாடியது. போதகர் ஐயர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஆக்டேவ் பொத்தானின் மேல் அன்று ஒட்டிய பிளாஸ்திரி இன்னும் இருக்கிறது.