பழைய பிக்கப், பட்டன் ரேடியோ: வாசகர் கேள்வி, என் பதில்

கேள்வி: டெக்ஸாஸில், ஃபோர்ட் வொர்த்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பண்ணை வைத்திருந்த ஒரு பெரியவர் காலமான பிறகு, அவருடைய 1972 செவர்லே சி-10 பிக்கப்பை அவர் வீட்டாரிடமிருந்து வாங்கினேன். டேஷ்போர்டில் ஐந்து பட்டன் வைத்த ஏ.எம். ரேடியோ கம்பெனியில் மாட்டியபடியே இருக்கிறது, பாடவும் செய்கிறது. நமக்கு வேண்டிய ஸ்டேஷனை அந்தப் பட்டன்களில் எப்படி வைப்பது? கழற்றிவிட்டு டச் ஸ்கிரீன் போடலாம் என்கிறான் மகன். என்ன சொல்கிறீர்கள், சார்?

பதில்: பட்டனை மாற்றி வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். இடது ஓரத்திலிருந்து பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி, டயலில் சிவப்பு முள் எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது அந்தப் பெரியவர் கேட்ட ஸ்டேஷன்களின் பட்டியல். பாட்டரியைக் கழற்றி வைத்திருந்தாலும், வண்டி கொட்டகையில் பல வருஷம் தூசியில் கிடந்திருந்தாலும் அது அழிந்திருக்காது. ஏனென்றால் இந்த ரேடியோவின் ஞாபகம் மின்சாரத்தில் இல்லை, இரும்பில் இருக்கிறது.

டயலில் கடைசிச் சுழியம் போட்டிருக்க மாட்டார்கள். 80 என்றால் 800 கிலோஹெர்ட்ஸ். முள் 80-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றால் அது 820, உங்கள் ஊர் டபிள்யூ.பி.ஏ.பி. 1969 முதல் பில் மாக் இரவெல்லாம் கன்ட்ரி பாட்டுப் போட்டு லாரி ஓட்டுநர்களோடு பேசிக்கொண்டிருந்த ஸ்டேஷன். இன்று அங்கே செய்தியும் பேச்சும்தான். 108-இல் நின்றால் டாலஸ் கே.ஆர்.எல்.டி. 120-க்கு ஒரு மயிரிழை முன்னால், 119-இல் நின்றால் அதுதான் அந்தக் காலத்து கே.எல்.ஐ.எஃப்.; டாலஸ் இளவட்டங்களை டாப் 40 பாட்டுகளால் கட்டிப்போட்ட ஸ்டேஷன். பெரியவரின் வண்டியில் அந்தப் பட்டன் இருந்தால், பக்கத்து சீட்டில் ஒரு பிள்ளை உட்கார்ந்து போயிருக்கலாம். குறித்த தாளை மடித்து, வண்டிப் புத்தகத்தோடு கிளவ் பாக்ஸில் வையுங்கள். முடிந்தால் ஒரு நகல் அவர் வீட்டாருக்கும் கொடுங்கள்.

இப்போது முறையைச் சொல்கிறேன். வலது குமிழைத் திருப்பி ஸ்டேஷனைத் துல்லியமாகப் பிடியுங்கள். குரல் இரு பக்கமும் கரகரக்கும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தெளிவாக, கனமாக இருக்கும். அங்கே நிறுத்துங்கள். பிறகு வேண்டிய பட்டனைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள், நிற்கும் வரை. அடுத்து அதையே ஒரே அழுத்தில், தயங்காமல், அடி வரை உள்ளே தள்ளுங்கள். அவ்வளவுதான். குமிழைத் திருப்பி முள்ளை வேறெங்காவது கொண்டுபோய்விட்டு, அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஸ்டேஷன் சற்று விலகி வந்தால், தள்ளும்போது பாதியில் கை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். திரும்ப ஒரு முறை செய்யுங்கள்.

உள்ளே நடப்பது இன்றைக்கும் எனக்கு ஆனந்தமாக இருக்கும் விஷயம். இந்தியானா மாநிலத்தில் கோகோமோ என்று ஒரு ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கான டெல்கோ ரேடியோக்கள் அங்கே செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றின் மேல் தகட்டைக் கழற்றி, மேஜையில் வைத்து பட்டனை மெதுவாக அழுத்திப் பாருங்கள். வீட்டு ரேடியோவில் இருப்பது போல் சுழலும் கண்டென்சர் தகடுகள் இருக்காது. குண்டும் குழியுமான பாதையில் தகடுகள் அதிர்ந்தால் ஸ்டேஷன் விலகும் அல்லவா? அதனால் சிறு காயில்களை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் இரும்புத் தூளால் செய்த தண்டுகள் போய்வரும்படி செய்தார்கள். தண்டு எவ்வளவு உள்ளே போகிறதோ அதைப் பொறுத்து ஸ்டேஷன் மாறும். எல்லாத் தண்டுகளையும் ஒரே சட்டம் தாங்கி நிற்கிறது. ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் சாய்த்துப் பூட்டக்கூடிய ஒரு சிறு உலோகத் துண்டு, மெக்கானிக்குகள் கேம் என்பார்கள். பட்டனை இழுத்தால் பூட்டு தளரும். உள்ளே தள்ளும்போது, முள் அப்போது நிற்கும் நிலைக்கு ஏற்ற சாய்வுக்கு கேம் தானாகவே திரும்பும். அந்த அழுத்தலின் முடிவிலேயே பூட்டும் விழுந்துவிடும். பிறகு எப்போது அழுத்தினாலும் அந்தச் சாய்வு சட்டத்தை அதே இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

பட்டன் அழுத்தும் நேரத்தில் குமிழைச் சட்டத்திலிருந்து பிரித்துவிட ஒரு கிளட்சும் உண்டு. தயவுசெய்து அதில் எண்ணெய் விடாதீர்கள். குமிழ் சுற்றுகிறது, முள் நகரவில்லை என்று என்னிடம் வந்த செட்களில் பெரும்பாலானவற்றில் யாரோ நல்ல எண்ணத்தோடு எண்ணெய் அடித்துவைத்திருந்தார்கள். வால்யூம் கரகரத்தால் மட்டும் அந்தக் கன்ட்ரோலுக்குள் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் விட்டு, குமிழை முழுசாக முன்னும் பின்னும் சுற்றிக்கொடுங்கள்.

ஸ்டேஷன்களை இடமிருந்து வலமாக, குறைந்த எண்ணிலிருந்து அதிக எண்ணுக்கு வையுங்கள். ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும், பிறகு டயலைப் பார்க்கவே வேண்டாம். மகனிடம் நான் சொல்ல நினைப்பதும் இதைத்தான். தம்பி, டச் ஸ்கிரீனில் எந்த இடத்தில் விரல் வைக்கிறோம் என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். இந்த ஐந்து பட்டன்களைக் கண் ரோட்டிலேயே இருக்க, தடவியே கண்டுபிடிக்கலாம். ஓட்டுகிறவனுக்காக யோசித்து யோசித்துச் செய்த பொருள் இது.

அதோடு, உங்கள் டேஷ்போர்டு இரும்புத் தகடு. புது செட் நுழைய ஏறக்குறைய 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரத்துக்கு ஓட்டை வேண்டும். அதற்காக வெட்டினால் வெட்டியதுதான். அதை ஒட்டவைத்து, பெயின்ட் அடித்து, பழையபடி ஆக்கக் கொடுக்கும் கூலி ரேடியோவின் விலையைவிடப் பல மடங்கு ஆகும். வெட்டவே வெட்டாதீர்கள். போனிலிருந்து பாட்டு வேண்டுமானால் புளூடூத் வரும் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும், அதற்கென்று தனி ஸ்பீக்கர்களையும் மறைவாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று: 1972 சி-10-இல் பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே டிரில் போடுவதோ நீள ஸ்க்ரூ முடுக்குவதோ கூடவே கூடாது.

வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்பதானால் சாவியை இடப்பக்கம், ஆக்சசரி நிலையில் திருப்பிக் கேளுங்கள். இன்ஜின் ஓடாமல் சாவி 'ஆன்' நிலையிலேயே இருந்தால், பாயின்ட் (கரண்ட்டை விட்டு விட்டு வெட்டும் சிறு ஸ்விட்ச்) வைத்த இக்னிஷன் என்பதால் இக்னிஷன் காயில் சூடேறி வீணாகும்.

கேள்வி: ஒஹாயோவில் இருக்கிறோம். எங்களுடையது 1968 ஃபோர்டு எஃப்-100. இன்ஜின் ஓடாதபோது ரேடியோ நன்றாகக் கேட்கிறது. ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' சத்தம், ஆக்சிலரேட்டர் மிதித்தால் அது வேகமெடுக்கிறது. ரேடியோ பழுதா?

பதில்: ரேடியோ பழுதில்லை, அம்மா. அது இக்னிஷனின் தீப்பொறியைக் கேட்டுச் சொல்கிறது. இன்ஜின் ஓடும்போதே ரேடியோவின் பின்புறமிருந்து ஏரியல் கம்பியை உருவுங்கள். சத்தம் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் கரண்ட் ஒயர் வழியாக.

ஏரியல் வழி என்றால் முதலில் ஏரியலின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் நட்டுக்கு அடியில் துருவோ, புதுசாக அடித்த பெயின்ட்டோ இருந்தால் எர்த் கிடைக்காது. வெளியே தெரியாத உள்பக்கத்தில் மட்டும் தகடு பளிச்சிடும் வரை சுரண்டி இறுக்குங்கள். ஏரியல் கேபிளையும் யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். டி.வி. கேபிளை வெட்டிப் போட்டிருந்தால் ஏ.எம். பாதி செத்துவிடும், கார் ரேடியோ கேபிள் வேறு. ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் உள்ள வகையா, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய பின்னல் எர்த் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினைக் கழற்றி மாட்டியவர்கள் அதிகமாக மறந்துபோவது அந்தப் பட்டையைத்தான். கரண்ட் ஒயர் வழி வரும் சத்தத்துக்கு, இக்னிஷன் காயிலின் பாட்டரி பக்க முனையில் இருக்கும் சிறு கண்டென்சரை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். 'டிக் டிக்' இல்லாமல் 'ஊய்ங்' என்று இழுத்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஏரியல் ட்ரிம்மர், அதாவது ரேடியோவை ஏரியலோடு பொருத்திச் சரிசெய்யும் திருகு. சில செட்களில் வலது குமிழைக் கழற்றினால் அதன் பின்னால் தெரியும், சிலவற்றில் ஏரியல் செருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு குட்டி ஸ்க்ரூ. ஏரியலை முழுசாக நீட்டுங்கள். டயலில் 140 பக்கம் மங்கலாகக் கேட்கும் ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, சத்தம் எங்கே உச்சமாகிறதோ அங்கே ஸ்க்ரூவை நிறுத்துங்கள். பலமான ஸ்டேஷனை வைத்துச் செய்தால் வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

கேள்வி: விஸ்கான்சினில் இருக்கும் எங்கள் 1954 எஃப்-100 ரேடியோ டயலில் 64-இலும் 124-இலும் சின்ன முக்கோணம் போட்டிருக்கிறது. எதற்கு? ஸ்விட்ச் போட்டதும் ஒரு ரீங்காரம் கேட்கிறது, பாட்டு வரக் கொஞ்ச நேரமாகிறதே?

பதில்: போர்க்காலத்துக்கான ஏற்பாடு அது. சோவியத் விமானங்கள் அமெரிக்க ரேடியோ ஸ்டேஷன்களின் அலையைப் பிடித்துக்கொண்டே ஊர்களுக்கு வழி கண்டுபிடித்துவிடும் என்ற பயம் இருந்தது. தாக்குதல் வந்தால் மற்ற ஒலிபரப்பெல்லாம் நிறுத்தப்படும். 640, 1240 ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் மாற்றி மாற்றி அறிவிப்பு வரும். திட்டத்தின் பெயர் கோனல்ராட். அமெரிக்காவில் விற்ற ரேடியோக்களில் 1953 முதல் 1963 வரை அந்தக் குறி இருந்தாக வேண்டும். உங்கள் செட் காலத்துக்குச் சரியானதுதான் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ரீங்காரம் வைப்ரேட்டருடையது. 6 வோல்ட்டை வால்வுகளுக்குத் தேவையான உயர் வோல்டேஜாக மாற்ற அது கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. வால்வு சூடேற அரை நிமிடம் பொறுங்கள், அது நியாயமான நேரம். வைப்ரேட்டரை மாற்றினால் அதோடு இருக்கும் பஃபர் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது கெட்டால் புது வைப்ரேட்டரையும் தின்றுவிடும். உங்கள் வண்டியில் பாசிட்டிவ்தான் எர்த் என்பது மறக்கக்கூடாத விஷயம். ஸ்டார்ட் ஆகவில்லை என்று 12 வோல்ட் பாட்டரியிலிருந்து கரண்ட் கொடுப்பதானால் ரேடியோவை முதலில் அணைத்துவிடுங்கள். மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு கை வைக்க வேண்டாம், உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும்.

கேள்வி: கன்சாஸிலிருந்து எழுதுகிறேன். பகலில் நாலைந்து ஸ்டேஷன்தான். ராத்திரியானால் டயல் முழுக்கக் குரல். ஏன்?

பதில்: பகலில் சூரிய ஒளியால் வானத்தின் மேலடுக்கில் உருவாகும் டி படலம் இந்த ஏ.எம். அலைகளை விழுங்கிவிடும். அஸ்தமனத்துக்குப் பிறகு அது கரைய, அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். அமாவாசை, பௌர்ணமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குளிர்கால நீண்ட இரவுகள்தான் விசேஷம். 50,000 வாட் ஸ்டேஷன்களைத் தேடுங்கள்: 650-இல் நாஷ்வில் டபிள்யூ.எஸ்.எம்., 850-இல் டென்வர் கே.ஓ.ஏ., 870-இல் நியூ ஆர்லியன்ஸ், 890-இல் சிகாகோ, 1120-இல் செயின்ட் லூயிஸ். குரல் அலையலையாக ஏறி இறங்கும், பட்டனைத் திருத்தப் போகாதீர்கள். ஐந்தில் இரண்டை ராத்திரிக்கென்று ஒதுக்குங்கள். உள்ளூர்ச் சின்ன ஸ்டேஷன்கள் பல அஸ்தமனத்தோடு சக்தியைக் குறைத்துவிடும், சில மூடியே விடும். அவற்றை வைத்த பட்டன் இருட்டில் வெறும் இரைச்சலைத்தான் கொடுக்கும்.

கேள்வி: 1970 செவர்லே பிக்கப்பில் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. கடையில் 4 ஓம் ஸ்பீக்கர்தான் இருக்கிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த டெல்கோ செட் 10 ஓம் ஸ்பீக்கருக்குச் செய்தது. 4 ஓம் போட்டால் கொஞ்ச நாள் சத்தமாகப் பாடும், பிறகு அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். அந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இப்போது தேடித்தான் வாங்க வேண்டும். பழைய வண்டி உதிரிபாகக் கடைகளில் 10 ஓம் என்று கேட்டே வாங்குங்கள். 8 ஓம் கிடைத்தாலும் சமாளிக்கும். புதுசு வரும் வரை ரேடியோவைப் போடாதீர்கள், ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினாலும் அதே டிரான்சிஸ்டர்தான் போகும்.