மார்கழிப் பனியும் ஒழியாத சிலந்திப்பேனும்

கேள்வி: மொட்டைமாடித் தொட்டிகளில் ரோஜாவும் கத்தரியும் வளர்க்கிறேன். மார்கழிப் பனியில் சிலந்திப்பேன் ஒழிந்துவிடும் என்று காத்திருந்தேன், ஒழியவில்லை. உறைபனி விழும் லண்டனிலும் அது ஆண்டுதோறும் வந்துவிடுகிறது என்கிறாள் என் மகள். எப்படிப் பிழைக்கிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: எட்டுக்கால் கொண்ட இந்தப் பேன் பூச்சியினம் அல்ல, சிலந்திக்கு உறவு, ஆனால் குளிர்காலத்தைக் கடக்கும் வழி பூச்சிகளுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒன்றே. குளிர் வந்தபின் ஓடி ஒளிவதில்லை. பல வாரங்களுக்கு முன்பே பகல் குறுகுவதை உணர்ந்து ஆயத்தமாகிவிடுகிறது. லண்டனில் ஜூனில் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல், டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைந்துவிடும். அப்படிப் பகல் சுருங்கிவரும் நாட்களில் வளர்ந்த பெண் பேன்கள் கருவுற்றும் முட்டையிடாமல், சாறு உறிஞ்சுவதையும் நிறுத்தி, மஞ்சள் கலந்த பச்சை நிறம் மாறி ஆரஞ்சுச் சிவப்பாகி, மரப்பட்டை வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் ஒடுங்கிவிடுகின்றன. இதற்கு டயபாஸ் என்று பெயர். நடுவில் ஒருநாள் வெயில் அடித்தது என்று ஏமாந்து எழுந்துவிடாது. வாரக்கணக்கில் குளிரைக் கண்ட பிறகே இந்த உறக்கம் கலையும்.

உடலிலுள்ள நீர் உறைந்தால் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். உணவுத் துணுக்கே படிகத்துக்கு வித்தாகும் என்பதால் பல பூச்சிகள் உறங்குமுன் குடலைக் காலி செய்துகொள்கின்றன. கூடவே உடலில் கிளிசராலைச் சேர்க்கின்றன. உதட்டு வெடிப்புக்கு மருந்துக்கடையில் வாங்கும் கிளிசரின்தான் அது. கடல்நீரைப் பூஜ்ஜியம் டிகிரியில் உறையவிடாமல் உப்பு எப்படித் தடுக்கிறதோ, அப்படியே இதுவும் தடுக்கிறது.

சென்னையிலோ ஜூனுக்கும் டிசம்பருக்கும் பகல் வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரமே. மார்கழி இரவும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். உங்கள் பேனுக்கு உறங்கவேண்டிய தேவையே இல்லை. வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டிப் பாருங்கள், நகரும் புள்ளிகள் தெரியும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஈரம் அதற்கு ஆகாது.

கேள்வி: அப்படியானால் நம்மூர்ப் பூச்சி எதுவுமே உறங்காதா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: உறங்கும், குளிருக்கு அல்ல, வறட்சிக்கு. நிலக்கடலை வயல்களில் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு கோடைமழை வரும்வரை மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டையும், டயபாஸ் என்று சொல்லமுடியாவிட்டாலும், காய்ந்த டிரம்மின் உட்சுவரில் ஒட்டியபடி பல மாதங்கள் தாங்கி, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகையால் டிரம்மைக் கவிழ்த்துவைத்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேங்காய்நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.