முகம் முகமாகவே இருக்கட்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: பாட்டு வெளியிடுகிறோம், படம் எப்படிச் செய்வது? ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: என் நண்பன் ராப் பாடுகிறவன். அடுத்த மாதம் அவனுடைய முதல் பாட்டு யூடியூப்பிலும் ஸ்பொட்டிபையிலும் வருகிறது. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் வைத்துப் போனில் எடுத்த படத்தை வெட்டி, பின்னால் இரவு வானம், நெருப்பு, மின்னல் எல்லாம் வைத்து முகப்புப் படம் செய்தேன். பார்த்த எல்லாரும் "ஒட்டின மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே பிழை விட்டேன்? (நெல்லியடி வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டின வேலை மோசமில்லை. பிழை அதற்கு முன்னமே நடந்துவிட்டது. நண்பனை நல்ல மத்தியான வெயிலில் எடுத்திருக்கிறீர்கள், மூக்கின் நிழல் நேரே உதட்டில் விழுகிறது, கண் இரண்டும் குழிக்குள் இருண்டு கிடக்கின்றன. பின்னால் இருப்பதோ இரவு, அதில் வெளிச்சம் இடப்பக்கத்து நெருப்பிலிருந்து வருகிறது. பார்க்கிற ஆளுக்கு ஒளியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை, பிறந்த நாள் தொட்டு முகங்களையே பார்த்து வளர்ந்த கண் அது, ஏதோ சரியில்லை என்று உடனே பிடித்துவிடும்.

ஆகவே முதலில் திரும்ப ஒருமுறை படம் எடுங்கள். பண்ணைதான் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு முன்னர் போங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு. அதுவும் சரிவராதென்றால் வீட்டு விறாந்தையில் முற்றத்தைப் பார்த்தபடி நிற்கவையுங்கள். கூரை நிழலுக்குள் வருகிற வெளிச்சம் மென்மையானது, அநேகமாக எந்தப் பின்னணியோடும் ஒத்துப்போகும். படத்தை வட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பாமல் டொக்யுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதித் தெளிவு வழியிலேயே போய்விடும்.

போட்டோஷொப்பில் வெட்டும்போது அழிக்கிற இரேசர் வேண்டாம், லேயர் மாஸ்க் (படத்தின் அடுக்கான லேயரின் பகுதிகளை மறைக்கிற திரை) பாவியுங்கள். மாஸ்க்கில் கறுப்புப் பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், ஒன்றும் அழிந்துபோகாது. தலைமயிர் ஓரத்தை 'செலக்ட் அண்ட் மாஸ்க்'குக்குள் போய் ரிபைன் எட்ஜ் பிரஷ்ஷால் பொறுமையாகத் தடவுங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாக் அண்ட் வைட் லேயரை வையுங்கள். நிறம் போனதும் உண்மை தெரியும்: நண்பனின் சட்டைக் கறுப்பு பின்னணியில் உள்ள எந்தக் கறுப்பையும்விட ஆழமாக இருக்கிறதா, நெற்றி அந்த வானத்துக்குப் பொருந்தாத அளவு வெளுத்திருக்கிறதா? அவனுடைய லேயரோடு மட்டும் சேர்த்துக் கட்டிய கேர்வ்ஸால் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) அதைச் சரிசெய்துவிட்டு, மேலே வைத்த லேயரை எடுத்துவிடுங்கள். காலடி நிழல் பாதத்தை ஒட்டின இடத்தில் ஒடுங்கிக் கறுப்பாகவும், விலக விலக அகன்று மங்கலாகவும் இருக்கவேண்டும். கடைசியாக, படம் முழுவதற்கும் ஒரே அளவில் மெல்லிய நொய்ஸ் (மணல் தூவினது போன்ற பொடிப் புள்ளிகள்) போடுங்கள். இரண்டு கமெராவில் எடுத்த படங்களை அது ஒன்றாக்கிவிடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. அந்த நெருப்பும் மின்னலும் எதற்கு? பாட்டின் வரிகளையும் அனுப்பியிருந்தீர்கள், வெளிநாடு போன தமையனைத் தேடித் தம்பி பாடுகிற பாட்டு அது. மூன்று தரம் வாசித்தேன். அதில் எங்கேயும் நெருப்பு இல்லை, அண்ணன் விட்டுப்போன சைக்கிள் இருக்கிறது, பனையோலை வேலி இருக்கிறது. வேலியில் சாத்திய அந்தச் சைக்கிள், பக்கத்தில் நண்பன் சும்மா நிற்கிறான், அவ்வளவையும் ஒரே படமாக எடுத்தால் வெட்டவும் தேவையில்லை ஒட்டவும் தேவையில்லை. எடிட்டிங் என்று மிஞ்சுவது வேலியை ஒரு படி இருட்டாக்கி முகத்தை ஒரு படி வெளிச்சமாக்குவது மட்டும்தான். ராப் என்றாலே நெருப்பும் சங்கிலியும் என்று யாரோ எங்கேயோ போட்டதை நாங்கள் ஏன் சுமக்கவேண்டும்?

அளவு: ஸ்பொட்டிபை போன்ற தளங்களுக்குச் சதுரம், 3000 x 3000 பிக்சலில் செய்யுங்கள். யூடியூப் முகப்புக்கு 1280 x 720, வலப்பக்கக் கீழ் மூலையில் பாட்டின் நேரம் வந்து மறைக்கும், அங்கே எழுத்து வைக்கவேண்டாம். சதுரப் படத்தில் இணைய முகவரி, பேஸ்புக் பெயர், விலை எதுவும் போடாதீர்கள், பாட்டைத் தளங்களுக்கு ஏற்றிக் கொடுப்பவர்கள் திருப்பி அனுப்புவார்கள். முடிந்ததும் படத்தைப் பெருவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். போனில் பாட்டுத் தேடுகிறவர்கள் அந்த அளவில்தான் பார்க்கப்போகிறார்கள்.

கேள்வி: போட்டோஷொப்பில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறது. பாமினியில் அடித்தால் மட்டும் சரியாக வருகிறது. அப்படியே தொடரலாமா? (கோண்டாவில் வாசகர்)

பதில்: வேண்டாம். பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யுனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு நாதஸ்வரக் கச்சேரி நோட்டீசைப் பாமினியில் செய்து, எழுத்துகளை வடிவமாக (எழுத்துரு தேவைப்படாத கோடுகளாக) மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே எழுத்துரு மாறி, வித்துவானின் பெயர் வாசிக்கவே முடியாதபடி அச்சாகி வந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கும்.

யுனிகோடிலேயே எழுதுங்கள். போட்டோஷொப்பில் பிரிபரன்சஸுக்குள் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. மென்பொருளை மூடித் திறந்து புதிய கோப்பில் எழுதிப் பாருங்கள், கொம்பு இடத்துக்கு வந்துவிடும். எழுத்துருவுக்குக் கட்டமரான் (Catamaran), முக்த மலர், பவனம், பலூ தம்பி எல்லாம் கூகிள் எழுத்துருப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, விளம்பர வேலைக்கும் பாவிக்கலாம். அச்சுக்கு அனுப்பும் கொப்பியில் மட்டும் எழுத்துகளை வடிவமாக மாற்றிவிடுங்கள். போட்டோஷொப் வாங்கக் காசில்லாதவர்கள் கிம்ப் அல்லது பிரவுசரிலேயே திறக்கிற போட்டோபீ பாவிக்கலாம், இரண்டுக்கும் காசில்லை.

கேள்வி: இணுவிலில் இருந்து எழுதுகிறேன். கர்நாடக சங்கீதம் படித்து முடித்து, முதல் இசைத்தொகுப்பு வெளியிடுகிறேன். டிசைன் செய்த அண்ணா என் முகத்தை நன்றாக வெளுப்பாக்கி, மூக்கையும் ஒடுக்கிவிட்டார். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அது நானில்லை. மாற்றச் சொன்னால் கோபிப்பாரோ? (வாசகி)

பதில்: சொல்லுங்கள் தங்கச்சி, இன்றைக்கே சொல்லுங்கள். அது உங்கள் முகம், உங்கள் முதல் வெளியீடு, மேடைக்கு நீங்கள் வரும்போது சனம் பார்க்கப்போவதும் அந்த முகத்தைத்தான். மாநிறத்தை வெளுப்பாக்கினால்தான் வடிவு என்ற பழக்கம் எங்கள் கலியாண அல்பங்களிலிருந்து வந்து இப்போது இசைத்தட்டு உறைவரைக்கும் ஏறிவிட்டது, எனக்கு அதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது. முகத்தில் செய்யவேண்டிய வேலை உண்டு: அன்றைக்கு வந்த பரு, வியர்வை மினுக்கம், கலைந்த ஒரு மயிர். இரண்டு கிழமையில் தானாகப் போவதை எடுக்கலாம், பிறந்ததிலிருந்து இருப்பதில் கைவைக்கக்கூடாது. என்னுடைய கணக்கு அதுதான்.

அந்த அண்ணாவிடம் "வெளுப்பு வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன செய்வதென்று விளங்காது. எடிட் செய்யாத படத்தையும் கூட அனுப்பி, தோலின் நிறம் இதிலே உள்ளபடி இருக்கட்டும், பின்னணியைக் கொஞ்சம் இருட்டாக்குங்கள் என்று கேளுங்கள். இருண்ட பின்னணியில் மாநிறம் தானாகவே ஒளிரும். அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள், பிறகு கதைக்கட்டும்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த நீலம் போஸ்டரில் அழுது வடிகிறது. அச்சகத்தில் பிழையா? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: அநேகமாக இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையால். மின்னுகிற நீலத்துக்கும் பச்சைக்கும் அந்த நாலு மையில் இடமில்லை. போட்டோஷொப்பில் கன்ட்ரோல் (Ctrl) விசையையும் Y விசையையும் சேர்த்து அழுத்தினால் அச்சில் எப்படி வருமென்று ஓரளவு காட்டும், தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். ஏ3 போஸ்டரென்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 x 4961 பிக்சல் வேண்டும். சிறிய கறுப்பு எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள், நாலு மையும் கலந்தால் மை கொஞ்சம் விலகினாலும் எழுத்தோரம் நிறம் கசியும்.

கேள்வி: கூகிளில் எடுத்த யாழ்ப்பாணக் கோட்டைப் படத்தைப் பின்னணியாக வைக்கலாமா? (வட்டுக்கோட்டை வாசகர்)

பதில்: எடுத்தவரின் அனுமதி இல்லாமல் வேண்டாம். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பொதுவாகப் படம் எடுத்தவருக்குத்தான் உரிமை, அவர் இருக்கும் காலமும் அதற்குப் பிறகு 70 வருடங்களும். வட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் கோட்டைக்கு அதிக நேரமில்லை. பின்னேரம் போய் நீங்களே எடுங்கள்.