நடந்து முடிந்த விஷயத்தை ஊகித்துச் சொல்ல மஸ்ட் ஹேவ், ஷுட் ஹேவ், மைட் ஹேவ் - எதை எப்போது பயன்படுத்துவது?

என்னை மாட்டிவிட்டது ஷுட் ஹேவ்தான். லண்டனில் இருந்த மேலாளர், தான் அனுப்பிய மெயிலை எங்கள் டீம் நண்பர் பார்த்தாரா என்று கேட்டிருந்தார். நண்பர் அன்று லீவு. ஆனாலும் போனில் மெயில் பார்க்காமல் இருக்கமாட்டார். "பார்த்திருக்க வேண்டும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, 'ஹி ஷுட் ஹேவ் சீன் இட்' என்று பதில் போட்டேன். அவர் அதை, "பார்த்திருக்கணும், ஆனா பார்க்கல" என்று படித்துவிட்டார். லீவில் இருந்த மனிதரை நானே போட்டுக்கொடுத்த மாதிரி ஆயிற்று. இரண்டு நாள் நண்பர் என் பக்கம் திரும்பவில்லை.

பாதித் தப்பு என்னுடையது, பாதி தமிழுடையது. காலையில் எழுந்து பார்த்தால் தெரு முழுக்க ஈரம்: "ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும்." ஐப்பசி முடியப்போகிறது, ஏரி காய்ந்து கிடக்கிறது: "இந்நேரம் மழை பெய்திருக்க வேண்டும்." சொல் ஒன்றுதான். முதலாவது அடையாளத்தைப் பார்த்து உறுதியாக ஊகிப்பது. அதற்கு மஸ்ட் ஹேவ். இரண்டாவது, பெய்யவில்லையே என்ற குறை. அதற்குத்தான் ஷுட் ஹேவ்.

"பெய்திருக்கலாம்" என்பதில் சிக்கல் குறைவு. மே ஹேவ், மைட் ஹேவ், குட் ஹேவ் எதுவும் சரி. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று நாம் குறைப்படுவதற்கும் குட் ஹேவ் அப்படியே பொருந்தும். இந்த ஒரு இடத்தில் இரண்டு மொழிக்கும் நல்ல ஒற்றுமை.

"பெய்திருக்காது" என்று அடித்துச் சொல்ல காண்ட் ஹேவ். அமெரிக்கர்கள் மஸ்ட் நாட் ஹேவ் என்பார்கள். பிரிட்டிஷ்காரர்களிடம் காண்ட் ஹேவ்தான் அதிகம்.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல் ஒன்று உண்டு: வுட் ஹேவ். "வந்திருப்பார்" என்று எதிர்கால வடிவம் போட்டு இறந்தகாலத்தை ஊகிப்பது நமக்குப் பழக்கம். அதை அப்படியே 'ஹி வுட் ஹேவ் கம்' என்கிறோம். அவர்களும் சில இடங்களில் இப்படி ஊகிப்பதுண்டு. ஆனால் மொட்டையாகச் சொன்னால், கேட்பவர் பின்னால் ஒரு 'இஃப்' வரும் என்று காத்திருப்பார். மஸ்ட் ஹேவ் போட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

எதைப் போட்டாலும் ஹேவுக்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம்தான்: 'மஸ்ட் ஹேவ் கான்', 'வென்ட்' அல்ல. பேச்சில் அது 'மஸ்டவ்' என்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்டுவிட்டு 'மஸ்ட் ஆஃப்' என்று எழுதுகிற ஆங்கிலேயர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள்.