லூவின் சகோதரர்கள்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கிராமப்புறத்தில் வேர்விட்ட கண்ட்ரி இசையில் அண்ணன் தம்பி ஜோடிகள் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். உலகப் புகழ் பெற்ற எவர்லி சகோதரர்களை விட்டுவிட்டு, நீங்கள் எப்போதும் லூவின் சகோதரர்களையே முன்னிறுத்துவது ஏன்?

பதில்: விற்பனையை வைத்துப் பார்த்தால் எவர்லி சகோதரர்களே முன்னால் நிற்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1930களில் டெல்மோர் சகோதரர்களும் மன்றோ சகோதரர்களும் புளூ ஸ்கை பாய்ஸும் வளர்த்தெடுத்த இருகுரல் பாணி, எவர்லி சகோதரர்களின் கைக்கு வந்து சேருமுன், லூவின் சகோதரர்களிடம்தான் தன் உச்சத்தைத் தொட்டது என்பது என் கணிப்பு. அண்ணன் ஐரா 1924லும் தம்பி சார்லி 1927லும் அலபாமா மாநிலத்தில் பிறந்தார்கள். சேண்ட் மவுண்டன் மேட்டுநிலத்தில் உள்ள ஹெனகரில், பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் வளர்ந்தார்கள். லவுடர்மில்க் என்ற குடும்பப் பெயர் மேடைக்கு ஒத்துவராது என்று 1940களின் பிற்பகுதியில் லூவின் என மாற்றிக்கொண்டார்கள். பாடலாசிரியர் ஜான் டி. லவுடர்மில்க் இவர்களுக்கு உறவினர். எவர்லி சகோதரர்களும் அவர் எழுதிய பாடலைப் பாடியிருக்கிறார்கள்.

கேள்வி: கர்நாடக இசை கேட்டுப் பழகியவன் நான். இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடுவதை எப்படிக் கேட்பது என்று விளங்கவில்லை. இவர்கள் இதை யாரிடம் கற்றார்கள்?

பதில்: நம் கச்சேரியில் இரட்டையர் பாடும்போது இருவரும் பெரும்பாலும் ஒரே சுரத்தில்தான் நிற்கிறார்கள். இங்கே அப்படியில்லை. சார்லி மெட்டைப் பாடுவார். அதற்குச் சற்று மேலே, மூன்றாம் சுரம் போன்ற அருகிலுள்ள ஓர் இடத்தில், ஐரா தன் உயர்ந்த டெனர் குரலில் இணையாகச் செல்வார். முதலில் சார்லியின் குரலை மட்டும் பின்தொடருங்கள். அது மனத்தில் பதிந்த பிறகு ஐராவைத் தேடுங்கள்.

இவர்கள் கற்ற இடம் வீடும் தேவாலயமும்தான். தாயின் உறவினர்கள் சேக்ரெட் ஹார்ப் எனப்படும் கூட்டுப்பாடல் மரபில் ஊறியவர்கள். அந்த மரபில் பெஞ்சுகளைச் சதுரமாகப் போட்டு, நடுவில் இடம் விட்டு, நான்கு குரல் பிரிவினரும் ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்வார்கள். இசைக்கருவி எதுவும் கிடையாது. புத்தகத்தில் ஃபா முக்கோணமாகவும், சோல் வட்டமாகவும், லா சதுரமாகவும், மி சாய்சதுரமாகவும் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் இந்தச் சுரப்பெயர்களை மட்டுமே ஒரு முறை பாடி முடித்து, அதன் பிறகுதான் பாட்டின் சொற்களுக்கு வருவார்கள். சிறுவயதிலிருந்து அதற்குள் இருந்தவர்களுக்கு, தன் வரியைப் பாடிக்கொண்டே அடுத்தவர் வரியையும் காதில் வைத்திருப்பது இயல்பாக வந்துவிடுகிறது.

அதனால்தான் இவர்களால் பாட்டின் நடுவிலேயே இடம் மாற முடிந்தது. மெட்டு சார்லிக்கு எட்டாத உயரத்துக்குப் போனால் ஐரா அதைப் பிடித்துக்கொள்வார். அந்த நொடியிலேயே சார்லி கீழ்க்குரலுக்கு இறங்கிவிடுவார். கண்ணசைவுகூட இல்லாமல் இது நடக்கும். கவனித்துக் கேட்டாலும் மாறிய இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பாராட்டெல்லாம் ஐராவின் குரலுக்கே போகிறது. ஆனால் ஆட்டமில்லாத சார்லியின் குரல் கீழே இல்லாவிட்டால் அந்த உயரத்துக்குப் பொருளே இராது.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் 1955 வரை பெயர் வெளியே வராதது ஏன்?

பதில்: வானொலி நிலையங்களில் பாடிக் கிடைத்த வருமானம் போதவில்லை. சட்டனூகா, நாக்ஸ்வில், மெம்ஃபிஸ் என்று ஊர் மாறினார்கள். மெம்ஃபிஸில் அஞ்சலக வேலையும் பார்த்தார்கள். சார்லியின் ராணுவப் பணி இடையில் குறுக்கிட்டது. கொரியப் போர்க் காலத்தில் மறுபடியும் போக வேண்டியிருந்தது. டெக்கா, எம்ஜிஎம் இசைத்தட்டு நிறுவனங்களில் செய்த பதிவுகள் பெரிதாக எடுபடவில்லை. 1952இல் கேபிடல் நிறுவனத்தில் தயாரிப்பாளர் கென் நெல்சனிடம் வந்து சேர்ந்தபோதும், கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைப் பாடும் ஜோடியாகவே அறியப்பட்டார்கள்.

நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சியில் 1955இல் இடம் கிடைத்தது. நிகழ்ச்சியின் விளம்பரதாரர் ஒரு புகையிலை நிறுவனம். பக்திப் பாட்டைப் போட்டுப் புகையிலை விற்க முடியாது என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகச் சார்லி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். காதல் பாடல்களுக்கு அவர்கள் திரும்பியதன் பின்னணி இது. அந்த ஆண்டு வெளிவந்த ‘வென் ஐ ஸ்டாப் டிரீமிங்’ கண்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தது.

கேள்வி: அவர்களுடைய முதலிடப் பாடல் எது? அது அவர்களே எழுதியதா?

பதில்: 1956இல் வந்த ‘ஐ டோன்ட் பிலீவ் யூவ் மெட் மை பேபி’. முதலிடம் பிடித்தது அது ஒன்றுதான். தங்கள் பாடல்களைப் பெரும்பாலும் தாங்களே எழுதியவர்கள் இவர்கள். இந்தப் பாட்டை எழுதியவரோ ஆட்ரி இன்மன்.

கேள்வி: ‘சேட்டன் இஸ் ரியல்’ இசைத்தட்டின் அட்டைப்படம் வெட்டி ஒட்டியதா? இணையத்தில் அதைக் கேலிப்படமாகவே பார்த்திருக்கிறேன்.

பதில்: ஒட்டுவேலை இல்லை. ஐரா ஒட்டுப்பலகையில் சுமார் 12 அடி உயரச் சாத்தான் உருவம் ஒன்றைச் செய்தார். ஒரு கல் குவாரியில் அதை நிறுத்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்த பழைய டயர்களைப் பாறைகளுக்கிடையே கொளுத்தி, வெள்ளை உடையில் இருவரும் அதன் முன்னால் நின்றார்கள். சூட்டில் கற்கள் வெடித்துச் சிதறின. போதாக்குறைக்கு மழையும் பிடித்துக்கொண்டது. 1959இல் வெளிவந்த அந்த அட்டையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உள்ளே இருக்கும் பாடல்களைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். நரகத்தை உண்மையாகவே நம்பிய மனிதர்கள் பாடிய பாட்டுகள் அவை.

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லியுடன் தகராறு நடந்தது உண்மையா?

பதில்: 1950களின் நடுவில் அவருடன் ஒரே சுற்றுப்பயணத்தில் பாடியது உண்மை. மேடைக்குப் பின்னால் எல்விஸ் ஒரு பக்திப் பாட்டை வாசித்து, தனக்கு மிகவும் பிடித்த இசை இதுதான் என்றதும், அப்படியானால் மேடையில் ஏன் குப்பையைப் பாடுகிறாய் என்று ஐரா இனவெறிச் சொல் ஒன்றையும் சேர்த்து ஏசியதாகச் சார்லி பதிவு செய்திருக்கிறார். எல்விஸ் தங்கள் பாடல் எதையும் பதிவு செய்யாமல் போனதற்கு அதுவே காரணம் என்பது அவர் எண்ணம். அந்தச் சொல்லுக்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை.

கேள்வி: ஐராவின் குடிதான் ஜோடியைப் பிரித்தது என்கிறார்களே?

பதில்: குடி பெரிய காரணம்தான், மேடையிலேயே மாண்டலினை உடைப்பதும், உறுதி சொன்ன நிகழ்ச்சிகளைக் கெடுப்பதும், தம்பி பொறுக்க முடியாத அளவுக்குப் போனது. 1963இன் தொடக்கத்தில் நடந்த குடும்பச் சண்டையில் ஐராவின் மூன்றாவது மனைவி அவரைப் பலமுறை சுட்டார், அவர் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோடி முறிந்தது.

ஆனால் குடியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதிக் கதை. 1956க்குப் பிறகு ராக் அண்ட் ரோல் அலையில் பழைய பாணிக் கண்ட்ரி இசையின் சந்தையே சுருங்கியது. அந்த நெருக்கடியில், விற்பனை குறைவதற்கு மாண்டலின் ஒலி காரணமாக இருக்கலாம் என்று கென் நெல்சன் சொல்ல, ஐரா அந்தக் கருவியையே ஒதுக்கி வைத்தார் என்கிறார் சார்லி. தன் குரலுக்கு அடுத்தபடியாகத் தன்னை அடையாளப்படுத்திய கருவியை, தோல்விக்குக் காரணம் என்று கேட்க நேர்ந்த ஒரு கலைஞனின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். குடி அதன் பிறகுதான் கட்டுமீறியது என்பதைத் தம்பியே சொல்லும்போது நாம் புறந்தள்ள முடியாது.

கேள்வி: பிரிந்த பிறகு இருவரும் என்ன ஆனார்கள்?

பதில்: சார்லி தனியாகவும் வென்றார்; 1964இல் அவருடைய ‘ஐ டோன்ட் லவ் யூ எனிமோர்’ முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. ஐராவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1965 ஜூன் 20 அன்று மிசௌரி மாநிலத்தில் நிகழ்ந்த கார் விபத்தில், உடன் பயணித்த நான்காவது மனைவியோடு இறந்தார். மோதிய காரை ஓட்டியவர்தான் குடித்திருந்தார். சார்லி 2011 ஜனவரியில், 83 வயதில் புற்றுநோயால் இறக்கும்வரை ஓப்ரியில் பாடிக்கொண்டிருந்தார். ஒரே மைக்கைப் பகிர்ந்து பாடிய பழக்கத்தில், இணைக்குரல் சேர வேண்டிய இடம் வந்ததும் அண்ணனுக்காக இன்னமும் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதாக அவர் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: பிற்காலக் கலைஞர்களில் இவர்களை யார் எடுத்துப் பாடினார்கள்?

பதில்: 1968இல் பேர்ட்ஸ் என்ற ராக் இசைக்குழு ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ பாடியது. 1975இல் பாடகி எமிலூ ஹாரிஸுக்குக் கண்ட்ரி பட்டியலில் முதல் பெரிய வெற்றியைத் தந்த ‘இஃப் ஐ குட் ஒன்லி வின் யுவர் லவ்’ இவர்களுடைய பாட்டே. கண்ட்ரி இசைப் புகழ்க்கூடத்தில் இவர்கள் இடம்பெற்றது 2001இல்தான்.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

பதில்: 1956இல் வெளிவந்த ‘டிராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்’ தொகுப்பில் தொடங்குங்கள். அதில் ‘நாக்ஸ்வில் கேர்ள்’ என்ற பழைய கொலைக்கதைப் பாடல் இருக்கிறது. காதலியை அடித்துக் கொன்றவன் தன் வாயாலேயே நடந்ததைச் சொல்வதை, இருவரும் துளி உணர்ச்சியும் காட்டாமல் அவ்வளவு இனிமையாகப் பாடுகிறார்கள். முதல் முறை கேட்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும், நிறுத்திவிடாதீர்கள். பக்திப் பாடல்கள் பிறகு வரட்டும், தனிப்பாடல் தொகுப்புகளுக்கு அவசரமில்லை.