வெளிநாட்டுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருடமாக ஐ.சி.யு.வில் வேலை பார்க்கிறேன். வயது 29. ஐ.நா. தன்னார்வலராக ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? வளைகுடா அளவுக்குச் சம்பளம் வருமா? – வாசகி, தக்கலை

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பம், நேர்காணல், பயணம் என எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. அரசு உரிமம் பெற்ற ஆள் அனுப்பும் முகவர்களே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அப்படியிருக்க 60,000 எந்தக் கணக்கில் வருகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

இந்தத் திட்டத்தை 1970-இல் ஐ.நா. பொதுச்சபை தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்வதில்லை, வாழ்க்கைப்படி. போகும் நாட்டின் விலைவாசியைப் பொறுத்து அது மாறும். பயணச் செலவும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஊரில் வீட்டுக்கடன் அடைக்கத்தான் போகிறீர்கள் என்றால் வளைகுடாவே நல்லது, வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி இல்லாத பணியிடங்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் அதை வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

பன்னாட்டு வல்லுநர் பிரிவுக்கு 27 வயது நிறைந்து, குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் விவரத்தைப் பதிந்து, அறிவிப்பு வரும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பதிந்துவிட்டுக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்பதால்தான் பலருக்குக் காரியம் நடப்பதில்லை. “ஐ.சி.யு.வில் பணியாற்றினேன்” என்று எழுதினால் எடுபடாது. எத்தனை படுக்கை, எந்தக் கருவிகள், முக்கியமாகப் புதிதாக வந்த எத்தனை நர்ஸுகளைப் பழக்கினீர்கள் என்று எழுதுங்கள். அங்கே ஊசி போட ஆள் இல்லாமல் உங்களைக் கூப்பிடவில்லை. நீங்கள் திரும்பிய பிறகும் அந்த வார்டு ஓட வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நேர்காணலிலும் அதையே தோண்டுவார்கள்: “உங்கள் பேச்சைக் கேட்காத உடன்பணியாளரை எப்படிச் சமாளித்தீர்கள், நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்பது போல. என்ன சூழல், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று என்ற வரிசையில், இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள்.

நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது காகிதத்தில். முதலாவது, பெயர். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. “இருவரும் ஒருவரே” என்ற பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் இப்போதே வாங்கி வையுங்கள். இரண்டாவது, கேரளத்திலோ கர்நாடகத்திலோ படித்து அங்கேயே நர்ஸாகப் பதிவு செய்திருந்தால், உங்கள் மேல் புகார் எதுவும் இல்லை என்று காட்டும் நன்னிலைச் சான்று அந்த மாநில நர்சிங் கவுன்சிலிடமிருந்துதான் வர வேண்டும். பட்டச் சான்றிதழின் மாநில அளவிலான சான்றொப்பமும் அது வழங்கப்பட்ட மாநிலத்தில்தான். அதற்குப் பிறகே வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒப்பந்த நாடுகள் ஏற்கும் சான்று முத்திரை. போகிற நாடு அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், அதற்குப் பதில் அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பமும் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் தேவைப்படும். எல்லாம் சேர்ந்து வாரக்கணக்கில் இழுக்கும். பணி கிடைத்த பிறகு ஓடினால் சேரும் தேதி தவறிவிடும்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் 20 ஆண்டாகத் தேனீ வளர்க்கிறேன். பலருக்குப் பயிற்சியும் கொடுத்திருக்கிறேன். பட்டம் கிடையாது. என் தொழிலறிவு வெளிநாட்டு வளர்ச்சித் திட்டங்களுக்கு உதவுமா? – வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உதவும், ஆனால் வாய்ப்பு குறைவு. மற்ற நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவி செய்ய இந்திய அரசு 1964 முதல் நடத்தும் ‘ஐடெக்’ (ITEC) திட்டத்தில் நம் வல்லுநர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பிரிவு ஒன்று உண்டு. அந்த நாட்டு அரசு கேட்டால்தான் அனுப்புவார்கள். தனியாள் வேலைக்குப் போடுவதுபோல் மனுப் போட முடியாது. கதர் கிராமத் தொழில் ஆணையம், வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பயிற்றுநராக உங்கள் பெயர் எழுத்தில் இருந்தால்தான் கேட்கும்போது நினைவுக்கு வருவீர்கள். பட்டம் இல்லாத குறையை அந்தக் காகிதம் ஓரளவு ஈடுகட்டும். மார்த்தாண்டத்தில் தேன் தொழில் வேரூன்றியதே வெளியிலிருந்து வந்த ஒருவரால்தானே! 1920-களில், அது திருவிதாங்கூராக இருந்த காலத்தில், ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் அனுப்பிய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே கிராம மறுசீரமைப்பு மையத்தை நடத்தினார்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போக நேர்ந்தால், இங்கே தெரிந்ததில் பாதியை மறக்க வேண்டியிருக்கும். நம்முடையது சாதுவான இந்தியத் தேனீ. அங்கே இருப்பது வேறு இனம். சட்டெனக் கிளம்பி, கூட்டமாகத் துரத்திக் கொட்டும். வீட்டுக் கொல்லையில் பெட்டி வைக்கும் நம் வழக்கம் அங்கே ஆபத்து. குடியிருப்புக்கும் கட்டிப்போட்ட மாட்டுக்கும் தள்ளியே வைக்க வேண்டும். வேலை அந்தி சாயும் நேரத்தில், முழு உடுப்போடு, புகைப்பான் தயாராக இருக்கும்போது மட்டும்.

பெட்டியும் வேறு. கனடா உதவியோடு 1970-களில் வடிவமைத்த கென்யா மேல்கட்டைப் பெட்டி (top-bar hive) அங்கே பரவலாக இருக்கிறது. நம் பெட்டிபோல் நாலு பக்கச் சட்டகம் கிடையாது, மேலே வரிசையாகக் கட்டைகள் மட்டும், ஒவ்வொன்றும் 32 மி.மீ. அகலம். இந்த அளவில் விளையாடக்கூடாது. உள்ளூர்த் தச்சர் 40 மி.மீ. அறுத்துக் கொடுத்தால், தேனீ தன் இயல்பான இடைவெளியில் அடை கட்டி, ஒரே அடை இரண்டு கட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றைத் தூக்கினால் அடுத்ததும் கிழியும், தேன் ஒழுகும், தேனீ வெறிபிடிக்கும். அளவுக்கட்டை ஒன்றைச் செய்து தச்சர் கையில் கொடுத்துவிடுங்கள். இந்த அடையைத் தேன் எடுக்கும் இயந்திரத்தில் சுற்ற முடியாது, உடைந்துவிடும். அறுத்துப் பிழிய வேண்டும். அதனால் மெழுகு மிஞ்சும், அதற்கும் சந்தை தேடச் சொல்லிக்கொடுங்கள்.

பெரிய தடுமாற்றம் காலக்கணக்கில் வரும். நம்மூரில் ஜனவரி முதல் மார்ச் வரை தேன் பெருகுவது ரப்பர் மரத்தால், அதுவும் பூவிலிருந்து இல்லை, புதுத் தளிரின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரால். ரப்பர் இல்லாத ஊரில் அந்தக் கணக்கு செல்லாது. போனதும் பெட்டியைத் திறக்காமல் ஊர்ப் பெரியவர்களிடம் எந்த மரம் எப்போது பூக்கும் என்று கேட்டு ஓர் ஆண்டு அட்டவணை எழுதுங்கள்.

கேள்வி: படகு இயந்திரப் பயிற்சி கொடுக்க உகாண்டா போகிறேன். இன்னும் ஆறு நாள்தான். மஞ்சள் காய்ச்சல் ஊசியை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாமா? – வாசகர், குளச்சல்

பதில்: பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். உகாண்டா அதைக் கேட்கும். அது இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவிலும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும். சென்னை கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, வயது 60-ஐத் தாண்டியிருந்தாலோ ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். பத்தாண்டுக்கு ஒருமுறை போட வேண்டும் என்ற விதி 2016-இல் போய்விட்டது.